அப்பாவின் சார்ஜிங் கடையும் லூகாஸ் டைனமோவும்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் வாசலில் வந்து நின்றான். இப்போது அவனுக்கே காலேஜ் போகிற பெண் இருக்கிறாள். எனக்கு இன்னும் 'அவன்'தான், கோபித்துக்கொள்ள மாட்டான். அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறான்.

"டீச்சர், பேட்டரி மறுபடியும் போயிடுச்சு. வெள்ளத்துக்கு அப்புறம் இது மூணாவது. புதுசு வாங்கணும். ஒரு அஞ்சாயிரம் இருந்தா குடுங்க, ரெண்டு மாசத்துல திருப்பிடறேன்" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பணம் இருந்தது. ஆனாலும் நான் பீரோவைத் திறக்கவில்லை. மேஜை டிராயரைத் திறந்து மல்டிமீட்டரை எடுத்தேன். அவன் முழித்தான். தமிழும் கணக்கும் நடத்திய டீச்சர் கையில் இது எதற்கு என்று நினைத்திருப்பான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என் அப்பா பேட்டரி சார்ஜ் செய்கிறவர். அம்பத்தூர் ஓ.டி. பக்கம், எம்.டி.எச். ரோட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கடை. அதற்கு முன்னால் பூந்தமல்லியில் வேறொருவரிடம் கூலிக்கு இருந்து தொழில் கற்றார். இந்த மாதிரிக் கடைகள் அப்போது மெயின் ரோட்டில் ஆங்காங்கே இருந்தன. கறுப்பு ஆசிட் கறை படிந்த தரை, சுவரோரம் மரப்பலகை, பலகை மேல் வரிசையாகப் பேட்டரிகள், மூலையில் ஊதா நிறத்தில் ஒளிரும் டங்கர் பல்பு. வீட்டுக்கு வருகிற கரண்ட் முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும். அது பேட்டரிக்கு ஆகாது. அதை ஒரே பக்கமாகத் திருப்பி விடுவதுதான் அந்தப் பல்பின் வேலை. எனக்கு அந்த ஊதா வெளிச்சம்தான் நைட் லாம்ப். அதில்தான் வாய்ப்பாடு படித்தேன்.

பேட்டரிகளை ஒன்றின் பாசிட்டிவை அடுத்ததன் நெகட்டிவோடு சேர்த்து, ரயில் பெட்டி மாதிரி கோத்துவிடுவார். எல்லாவற்றிலும் ஒரே அளவு கரண்ட் ஓடும். 1967 தேர்தல் நேரம், எனக்கு எட்டு வயது. பிரச்சார ஜீப்புகளின் மைக் செட் எல்லாம் பேட்டரியில்தான் ஓடும். பகலில் கத்திவிட்டு ராத்திரி எல்லாக் கட்சிக்காரர்களும் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். மேடையில் ஒருவரை ஒருவர் திட்டிய கட்சிகளின் பேட்டரிகள் விடிய விடிய ஒரே வரிசையில் கைகோத்து நிற்கும். நடுவில் ஒன்றைக் கழற்றினால் அத்தனையும் நின்றுபோகும் என்று அப்பா சிரிப்பார்.

இனி கொஞ்சம் வரலாறு. ஈயத் தகட்டை ஆசிட்டில் தோய்த்துத் திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும் பேட்டரியை 1859ல் பிரான்ஸில் காஸ்டன் பிளாண்டே செய்து காட்டினார். மோட்டார் காருக்கு அது கட்டாயமானது பின்னால்தான். 1912 மாடல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. அதுவரை ஹேண்டில் போட்டுச் சுற்றி, கை மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர்கள் ஏராளம். செல்ஃப் வந்ததும் பேட்டரி வேண்டும். பேட்டரி வந்ததும் அதை ஓடும்போதே நிரப்ப ஒரு டைனமோ வேண்டும்.

அந்த டைனமோதான் எங்கள் ஊரின் கதை. சைக்கிள் டைனமோ உங்களுக்குத் தெரியும். அதில் பேட்டரி கிடையாது. மிதித்தால் வெளிச்சம், சிக்னலில் நின்றால் இருட்டு. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1950களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1961ல் டி.வி.எஸ்ஸும் இங்கிலாந்து லூகாஸும் சேர்ந்து லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனியை ஆரம்பித்தார்கள். பாடியில் வந்த அந்த ஃபேக்டரியில் காருக்கும் லாரிக்கும் வேண்டிய டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் தயாரானது. இன்றைக்கும் பஸ்ஸில் 'லூகாஸ் ஒண்ணு' என்று டிக்கெட் கேட்கிறோமே, அந்த லூகாஸ்தான். 1964ல் அம்பத்தூர் எஸ்டேட். 1965 டிசம்பரில் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி. நாலைந்து வருடத்தில் வயலும் ஏரியுமாக இருந்த ஊர் சங்குச் சத்தத்துக்கு எழுந்திருக்கும் ஊராக மாறிவிட்டது.

டைனமோவின் குறை என்னவென்றால், இன்ஜின் மெதுவாக ஓடும்போது அதனால் சார்ஜ் தர முடியாது. டிராஃபிக்கில் நின்று நின்று போகிற டாக்ஸிக்கு ராத்திரி ஹெட்லைட் மங்கிக்கொண்டே வரும். இன்னொன்று, டைனமோ சோர்ந்தால் கரண்ட் பேட்டரியிலிருந்து திரும்பி டைனமோவுக்குள் பாயும். அதைத் தடுக்க 'கட்-அவுட்' என்று ஒரு சின்னப் பெட்டி. அதன் பாயின்ட் ஒட்டிக்கொண்டால், வண்டி நிற்கும்போது ராத்திரியோடு ராத்திரியாகப் பேட்டரி காலி.

டாக்ஸிக்காரர்கள் வருவார்கள். "பேட்டரி போச்சு, வேற குடு." அப்பா தர மாட்டார். முதலில் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விட்டு ஆசிட்டை உறிஞ்சிப் பார்ப்பார். நம் ஊர் வெயிலுக்கு 1240, 1250 இருந்தால் முழு சார்ஜ். ஆறு செல்லும் ஒரே மாதிரி இறங்கியிருந்தால் பேட்டரி மேல் தப்பில்லை, அது பட்டினி கிடக்கிறது. ஒரே ஒரு செல் மட்டும் தனியாகச் செத்திருந்தால்தான் பேட்டரிக்கு வியாதி. இந்த ஒரு சோதனையை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அப்புறம் பானெட்டைத் திறப்பார். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்துவார். டைனமோவின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். கட்-அவுட் பாயின்ட்டை எமரி தாளால் தேய்ப்பார். கடைசியில்தான் பேட்டரி பேச்சு. இதனால் அவருக்கு விற்பனை குறைந்தது. அம்மாவுக்கு அதில் வருத்தம் உண்டு. நியாயமான வருத்தம், வீட்டில் ஐந்து பேர்.

பிறகு ஆல்டர்னேட்டர் வந்தது. உள்ளே சிலிக்கான் டயோடுகள். இன்ஜின் சும்மா நின்று ஓடும்போதும் சார்ஜ் ஏறும், கட்-அவுட் வேண்டாம். ஆனால் பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் ஒரே நொடியில் டயோடு போய்விடும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவைத்தான் பாடியில் எர்த் செய்வார்கள். அந்தப் பழக்கத்தில் கைவைத்த மெக்கானிக்குகள் கொஞ்ச காலம் நிறைய பணம் இழந்தார்கள். ஒரு டயோடு லேசாகக் கெட்டால் பழைய கட்-அவுட் ஒட்டிக்கொண்ட அதே வியாதிதான், ராத்திரியில் பேட்டரி வடியும்.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று இப்போது பட்டாபிராமில் இருக்கும் என் மாணவன் ஒருவன் சியாச்சினில் பனி ஸ்கூட்டர் ஓட்டியவன். முன்னால் இரண்டு சறுக்குக்கட்டை, பின்னால் டாங்கி மாதிரி ஒரு ரப்பர் பட்டை. 1984 ஏப்ரலில் நம் ராணுவம் ஏறிய பனிமலை அது. அங்கே பேட்டரியை எப்படிக் காப்பாற்றுவாய் என்று ஒருமுறை கேட்டேன். "ராத்திரி கழட்டி கூடாரத்துக்குள்ள கொண்டுபோயிடுவோம் டீச்சர், குழந்தை மாதிரி" என்றான். சார்ஜ் நிறைந்த பேட்டரி மைனஸ் 40 டிகிரியிலும் உறையாது. காலியான பேட்டரியில் ஆசிட் பெரும்பாலும் தண்ணீராகிவிடும், மைனஸ் 7, 8லேயே உறைந்து பெட்டி வெடித்துவிடும். அதனால்தான் குளிர் நாட்டில் ஆசிட்டை 1280 வரை ஏற்றுகிறார்கள். கயிற்றை இழுத்தும் அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யலாமாம். உள்ளே காந்தம் சுற்றும், காயிலில் கரண்ட் வரும், ரெகுலேட்டர் அதைத் திருத்திப் பேட்டரிக்கு அனுப்பும். நம் மோட்டார் சைக்கிளில் இருப்பதேதான். குளிர் பேட்டரியின் பலத்தைக் குறைக்கும், நம் ஊர் மே மாதம் அதன் ஆயுளைக் குறைக்கும். சூடு எட்டு, பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது தொழிலில் சொல்லும் கணக்கு.

இனி எழுதப்போவதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. சொந்தங்கள் மன்னிக்கவும்.

1970 வாக்கில் சார்ஜ் செய்யும் கூலி மட்டும் குடும்பத்துக்குப் போதவில்லை. அப்பா பழைய பேட்டரிகளைப் பிரித்துத் திரும்பக் கட்டும் வேலையை ஆரம்பித்தார். கடைக்குப் பின்னால் இரும்புச் சட்டியில் ஈயத்தை உருக்குவார். வெள்ளி மாதிரி பளபளக்கும். தரையில் சிந்தி உறைந்த ஈயத் துளிகளை நானும் தம்பியும் கோலிக்குண்டாக வைத்து விளையாடினோம். அப்பா கையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். நகக்கண்ணில் சாம்பல் நிறம் இருக்கும்.

1977ல் நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அந்தச் சட்டியிலிருந்து வந்தது. லீவில் வந்தபோது அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தார். வாயு என்றார்கள். மருந்து கொடுத்தார்கள், சரியானது, மறுபடி வந்தது. ஈறு ஓரத்தில் நீலமாக ஒரு கோடு. வெற்றிலைக் கறை என்று நினைத்தோம். அப்பா வெற்றிலை போடுகிறவர் இல்லை என்பது அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பிறகு வலது மணிக்கட்டு தொங்க ஆரம்பித்தது. ஒரு நாள் ஹைட்ரோமீட்டர் அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து உடைந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. 1983ல் போய்விட்டார். வயது 54.

1990களில் சுற்றுச்சூழல் பாடத்துக்காக ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். ஈய நஞ்சின் அறிகுறிகள் என்று வரிசையாகப் போட்டிருந்தது: வயிற்று வலி, ஈற்றில் நீலக் கோடு, தொங்கும் மணிக்கட்டு. புத்தகத்தை மூடிவிட்டேன். எந்த டாக்டரும் அப்படி எழுதித் தரவில்லை. அதனால் நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் யாரிடமும் கேட்கவும் இல்லை.

2001ல் பேட்டரிக்கென்று மத்திய அரசின் விதிகள் வந்தன. புதிது விற்கும் டீலர் பழையதைத் திரும்ப வாங்க வேண்டும், அது அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். 2022ல் அந்த விதிகளைப் புதிதாக மாற்றினார்கள். நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறதே என்று உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைத் தள்ளுவண்டிக்காரரிடம் போடாதீர்கள். அது எங்கேயோ ஒரு வீட்டுப் பின்கட்டில் ஒரு சட்டிக்குத்தான் போகும். அங்கேயும் குழந்தைகள் இருக்கும்.

சித்தப்பா கொஞ்ச நாள் கடையை நடத்தினார். மூடி போட்டு அடைத்த, தண்ணீர் ஊற்ற வேண்டாத பேட்டரிகள் வந்தபின் ஹைட்ரோமீட்டரை விட வழியே இல்லை. இன்று அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள்.

சரி, லோடு வண்டிக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஜம்பர் ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். வண்டி ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட் சுமார் இருக்க வேண்டும். 12.4தான் இருந்தது. உடனே "ஆல்டர்னேட்டர் போச்சா டீச்சர்?" என்று அவன் முகம் சுருங்கியது. ஆல்டர்னேட்டரிலேயே வைத்துப் பார்த்தேன், 14.3. அது ஒழுங்காகத்தான் உழைக்கிறது, சம்பளம் வீட்டுக்கு வந்து சேரவில்லை. ஹெட்லைட்டைப் போடச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையை இன்ஜின் மேலும் இன்னொன்றைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். 0.2க்குள் இருக்க வேண்டியது 1.9 காட்டியது. எர்த் ஒயர்!

குனிந்து பார்த்தான். இன்ஜினையும் சேஸியையும் இணைக்கும் பின்னல் ஒயர், போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்துப் பொடிப்பொடியாக இருந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எஸ்டேட் மூழ்கியபோது அவன் வண்டி மூன்று நாள் தண்ணீரில் நின்றது. இன்ஜின் ஆயில் மாற்றினான், சீட் மாற்றினான். இந்த ஒயரை யாரும் பார்க்கவில்லை. மூன்று பேட்டரி விற்றவர்களும் பார்க்கவில்லை.

புது ஒயர் இருநூற்றுச் சொச்சம் ரூபாய். போல்ட்டைத் தேய்த்து மாட்டிவிட்டு வந்து காட்டினான், 14.1. அந்த மூன்றாவது பேட்டரியைக் கழற்றி ஒரு நாள் முழுக்க மெதுவாக சார்ஜ் ஏற்றச் சொன்னேன், பிழைத்துக்கொண்டது. கடன் கேட்கவில்லை. மறுநாள் எஸ்டேட்டுக்குப் போகிற வழியில் அரைக் கிலோ கொய்யாப்பழம் வைத்துவிட்டுப் போனான்.

உங்களில் பலருடைய அப்பாக்கள் லூகாஸிலும் டி.ஐ.யிலும் எஸ்டேட் கம்பெனிகளிலும் வேலை பார்த்தவர்கள் என்று எனக்குத் தெரியும். அறுபது, எழுபதுகளில் எம்.டி.எச். ரோட்டில் இருந்த சார்ஜிங் கடை எதுவாவது தெரிகிற மாதிரி பழைய போட்டோ யார் வீட்டிலாவது இருந்தால் அனுப்புங்கள். எங்கள் கடையை யாரும் போட்டோ எடுத்து வைக்கவில்லை.