விறகு வளர்த்த ஊர்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு, பக்கத்தில் ஓடும் சங்கராபரணி எங்கே பிறக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. சேன் நதியின் துணையாறுகளைத்தான் ஒப்பிக்க வேண்டும். யோன், ஓப், மார்ன், உவாஸ். ஒன்று தவறினாலும் விரல் முட்டியில் பிரம்படி. யோன் என்பது எனக்கு வெகு காலம் வெறும் வாய்ப்பாடாகவே இருந்தது.

நம் ஊர் ரொமேன் ரொலான் நூலகத்துக்குப் போய்வராத பழைய ஆட்கள் குறைவு. ஓய்வு பெற்ற பிறகு, அந்த ரொலான் பிறந்த ஊர் எது என்று பார்க்கப் போய், மறுபடியும் யோன் ஆற்றங்கரையில் வந்து நின்றேன். ஊரின் பெயர் க்ளாம்ஸி. யோனும் பெவ்ரோனும் கூடும் இடம். ஏறக்குறைய நானூறு வருஷம் அந்த ஊர் விறகால் பிழைத்தது.

16-ஆம் நூற்றாண்டில் பாரிசைச் சுற்றியிருந்த காடுகள் நகரத்துக்குப் போதவில்லை. ரொட்டி அடுப்புக்கும் குளிர்காயவும் விறகு வேண்டும். தெற்கே மோர்வான் மலைகளில் காடு அடர்ந்து கிடந்தது, ஆனால் சாலை கிடையாது. 1549-ஐ ஒட்டி ழான் ரூவே என்ற வியாபாரி ஆற்றிலேயே விறகை அனுப்ப வழி செய்தார் என்பார்கள். அவருக்கு முன்பே வேறொருவர் செய்தார் என்ற வழக்கும் உண்டு.

முறை இதுதான். கட்டைகளை ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் வெட்டி ஓடைக்கரையில் அடுக்குவார்கள். மேலே குளங்களில் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்து ஒரே நாளில் மதகைத் திறப்பார்கள். அந்த வெள்ளத்தில் கட்டைகளைத் தள்ளிவிட்டால் அவை தாமாகவே உருண்டு வரும். ஓரத்தில் சிக்கியவற்றைக் கொக்கி வைத்த கழியால் தள்ளிவிட ஆட்கள் நிற்பார்கள். மூழ்கிப்போன கட்டைக்கு 'வாத்து' என்று பெயராம்.

ஒரு குமாஸ்தாவாக நான் ரசித்தது அடுத்த கட்டத்தை. பல வியாபாரிகளின் கட்டைகள் ஒரே தண்ணீரில் கலந்து வரும். யாருடையது எது? ஒவ்வொரு கட்டையின் முனையிலும் உரிமையாளரின் முத்திரையைச் சுத்தியலால் அடித்திருப்பார்கள். க்ளாம்ஸியில் ஆற்றின் குறுக்கே தடுப்புப் போட்டு நிறுத்தி, தண்ணீரில் இறங்கி இழுத்து, முத்திரை பார்த்துத் தனித்தனியாக அடுக்க வேண்டும். முப்பது வருஷம் இருப்புப் பதிவேட்டில் ஒரு நாற்காலி குறைந்ததற்கே விளக்கம் எழுதிய எனக்கு, அந்தக் கணக்கை நினைத்தால் தலை சுற்றுகிறது.

பிறகு விளார்களை முறுக்கிக் கயிறாக்கி, கட்டைகளைத் தெப்பமாகப் பிணைப்பார்கள். ஒரு தெப்பம் எழுபது மீட்டருக்கு மேல் நீளம், சுமார் 200 கன மீட்டர் விறகு. முன்னால் ஒரு ஆள், பின்னால் பெரும்பாலும் ஒரு சிறுவன். வழியில் மதகுகளைத் தாண்டும்போது உயிருக்கே ஆபத்து. பத்துப் பதினோரு நாளில் பாரிஸ். அங்கே தெப்பத்தைப் பிரித்து விறகாக விற்றுவிடுவார்கள். ஏறி வந்த வாகனமே அடுப்புக்குப் போய்விட்டால் திரும்புவது எப்படி? இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நடைதான்.

தண்ணீரில் ஊறிய இந்த விறகுக்குப் பாரிசில் மதிப்பும் குறைவு. சீக்கிரம் எரிந்துவிடும், சூடு நிற்காது என்று வசதியுள்ளவர்கள் படகில் உலர்ந்து வந்ததை வாங்கினார்கள். இதைப் படித்தபோது என் அம்மா ஞாபகம் வந்தது. விறகுத் தொட்டியில் எடை கூட வேண்டுமென்று ஈரச் சவுக்கைத் தலையில் கட்டிவிட்டால், "உன்னை ஏமாத்திட்டான்டா" என்று கண்ணெரிய ஊதிக்கொண்டே திட்டுவாள்.

மரம் க்ளாம்ஸிக்குச் சொந்தமானதும் அல்ல, அங்கே தங்கியதும் அல்ல. காடு ஒருவருக்கு, லாபம் பாரிசு வியாபாரிக்கு. இழுக்கிற, பிரிக்கிற, கட்டுகிற கூலிதான் ஊருக்கு. இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்று சம்பாதித்த கூலி அது. இவர்கள் கை நின்றால் பாரிசு நடுங்கும் என்பது இவர்களுக்கும் தெரியும், அதனால் கூலித் தகராறுகள் ஓயவில்லை. 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியபோது எதிர்த்து எழுந்த ஊர்களில் க்ளாம்ஸியும் ஒன்று. பலரை அல்ஜீரியாவுக்கும் கயேனுக்கும் நாடு கடத்தினார்கள். (எங்கள் பாடப் புத்தகத்தில் இது ஒரு வரி கூட இல்லை.)

அப்புறம் கால்வாய் வந்தது, ரயில் வந்தது, பாரிசு நிலக்கரிக்கு மாறியது. கடைசித் தெப்பம் 1877-இல் போனது. தெப்பம் கட்டாத வெறும் கட்டைகள் மட்டும் 1923 வரை மிதந்து வந்தன.

ரூவேக்கு அந்த ஊரில் மார்பளவுச் சிலை இருக்கிறது. பெத்லெகேம் பாலத்தில் இன்னொரு சிலை, கையில் கழியோடு ஒரு தெப்பக்காரர். அவருக்குப் பெயர் இல்லை.

ரொலான் 1866-இல் அங்கே ஒரு நொத்தேர் வீட்டில் பிறந்தார். நொத்தேர் என்றால் பத்திரம் எழுதுகிறவர் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பிறந்த ஊரை வைத்து எழுதிய 'கோலா ப்ரஞோன்' நாவலுக்கு அவர் நாயகனாக்கியது ஒரு தச்சரை. கடைசிக் கட்டைகள் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 57, ஸ்விட்சர்லாந்தில் குடியிருந்தார். காந்தியைப் பற்றிய அவர் புத்தகம் வந்ததும் ஏறக்குறைய அந்தச் சமயம்தான்.