டிக் வெல்டிங்: செங்குத்து ஃபில்லட்

இரண்டு எஃகுத் தகடுகள் சேரும் நிமிர்ந்த மூலையில், பெரும்பாலும் கீழிருந்து மேலாக டிக் முறையில் (டங்ஸ்டன் முனையில் ஆர்க், சுற்றிலும் ஆர்கான் வாயு) போடப்படும் வெல்டிங். அமெரிக்க வழக்கில் இந்த நிலை 3எஃப். ஐஎஸ்ஓ குறியீட்டில், மேலேறும்போது பிஎஃப்.

தஞ்சாவூர்–புதுக்கோட்டை சாலையிலுள்ள கந்தர்வக்கோட்டை போன்ற ஊர்களில் கேட், கிரில் வேலைக்குக் குச்சி எலக்ட்ரோடால் செய்யும் சாதாரண ஆர்க் வெல்டிங்கே போதும். கொதிகலன் குழாய் வேலைக்குப் போக நினைக்கும் இளைஞருக்கு டிக் கைவந்தாக வேண்டும். உயரழுத்தக் கொதிகலன்கள் செய்யும் திருச்சி பெல் நிறுவனம், 1975இல் அங்கே வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தையும் தொடங்கியது.

செங்குத்து நிலையில் எதிரி புவியீர்ப்புதான். உருகிய எஃகு கீழே சரியப் பார்க்கும். சூடு மேலேறிக்கொண்டே போகும். கரண்ட் கூடினால் நடுவில் வயிறு தள்ளி, ஓரங்களில் பள்ளம் விழும்.

இதைச் சமாளிக்க முதல் உத்தி வெறுங்கைப் பிடி, அதாவது டார்ச்சைத் தகட்டில் சாய்க்காமல் கையாலேயே தாங்குவது. சுண்டுவிரலைத் தகட்டில் ஊன்றி, டங்ஸ்டன் முனை சற்றே மேல்நோக்கும்படி டார்ச்சை 10–15 பாகை சாய்த்து, உருகலின் மேல் விளிம்பில் நிரப்புக் கம்பியைத் தொட்டுத் தொட்டு எடுப்பது. எடுக்கும்போது கம்பியின் சூடான நுனி ஆர்கான் வளையத்தைவிட்டு வெளியே வரக்கூடாது. வந்தால் ஆக்சைடு படியும்.

இரண்டாவது, டார்ச் முனையிலுள்ள பீங்கான் கப்பை மூலையில் சாய்த்து இடவலமாக உருட்டி ஏறுவது. ஆர்க் நீளம் மாறாது, வரிசை சீராக அமையும். ஆனால் மெல்லிய தகட்டில் சூடு மிகும், இடுக்கில் கப் திரும்பாது.

தடித்த, நீண்ட மூலைக்குக் கப் உருட்டலே நல்லது. கற்பவர் தொடங்க வேண்டியது வெறுங்கைப் பிடியில். அது எந்த இடுக்கிலும் கைகொடுக்கும்.