மகாவலி மேல் நீரேந்துப் பகுதி: கண்டிச் சரிவுகளில் இருநூறு ஆண்டு நிலமாற்றமும் நீரின் போக்கும்

இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி, 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக் கடலில் கலக்கிறது. கம்பளை, பேராதனை வழியே வரும் அது கண்டி நகரை மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் சுற்றி வளைந்து செல்கிறது. ஏறத்தாழ 3,100 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அதன் மேல் நீரேந்துப் பகுதியை நம்பியே உலர் வலயத்தின் பல வயல்களும் நாட்டின் நீர்மின்சாரத்தில் கணிசமான பங்கும் இருக்கின்றன. ஆறு மெலிந்ததற்கு மழை குறைந்ததே காரணம் என்பது பொதுவான கருத்து. மழையின் அளவைப் போலவே, அது விழும் மண்ணின் மேல் என்ன வளர்ந்திருக்கிறது என்பதும் ஆற்றின் போக்கைத் தீர்மானித்து வந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கோப்பியும் தேயிலையும்

கண்டி இராச்சியக் காலத்தில் பள்ளத்தாக்கில் வயலும், சரிவின் அடியில் வீட்டுத்தோட்டமும், மேலே காடும் இருந்தன. 1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் வசமானது. அடுத்த பத்தாண்டில் ஜோர்ஜ் பேர்ட் கம்பளை அருகிலும், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொறுவையிலும் கோப்பி பயிரிட்டனர். உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடுகளையும் தரிசு நிலங்களையும் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அரசுடைமையாக்கியது. அந்நிலம் தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டது. தமிழகத்திலிருந்து நடந்தே வந்த தொழிலாளரின் உழைப்பில் காடு அழிந்து தோட்டம் எழுந்தது. 1878 அளவில் இலங்கையின் கோப்பிப் பரப்பு சுமார் 2,75,000 ஏக்கர்.

1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்தியது. அதற்கு இரண்டாண்டு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி விட்டுச்சென்ற நிலத்தை எடுத்துக்கொண்ட தேயிலை, அதைவிட உயரமான சரிவுகளுக்கும் ஏறியது. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டக்கூடாது என்று கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹுக்கர் 1873இல் வலியுறுத்தினார். அந்த எச்சரிக்கை வருவதற்குள் கண்டியைச் சூழ்ந்த நடுமலைக் காடுகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டது.

மண் போன வழி

களையை அடியோடு சுரண்டி எடுப்பதே அக்காலத் தோட்ட முறை. மூடாக்கு இல்லாத மண்ணை ஒவ்வொரு பருவமழையும் அரித்தது. 1980களில் வெளியான அளவீடுகளின்படி, மண்பாதுகாப்பு இல்லாத பழைய விதைத் தேயிலை நிலம் ஆண்டுக்கு ஹெக்டேயருக்குச் சுமார் 40 தொன் மண்ணை இழக்கிறது. பாதுகாப்பற்ற புகையிலை நிலத்தின் இழப்பு சுமார் 70 தொன். பலா, கமுகு, மிளகு, கராம்பு எனப் பல அடுக்காக வளரும் கண்டி வீட்டுத்தோட்டத்திலோ அது 0.05 தொன் மட்டுமே. இந்த வேறுபாட்டில் பயிருக்கும் பராமரிப்புக்கும் பெரும்பங்கு உண்டு.

1947ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின், 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களை அடுத்து நடுமலைத் தேயிலை நிலங்கள் பல துண்டாடப்பட்டன, சில கைவிடப்பட்டன. அங்கே குறுங்காலப் பயிர்களும் குடியிருப்புகளும் பரவின. பேராதனைக்கு மேலுள்ள நீரேந்துப் பகுதியின் பல பத்தாண்டுத் தரவுகளை ஆராய்ந்த மத்தும பண்டாரவும் குருப்புஆராச்சியும் 1988இல் முக்கியமான ஒரு முடிவை முன்வைத்தனர். மழை குறையும் போக்கில் இருந்தும், பெய்த மழையில் ஆறாக ஓடிய பங்கு கூடியிருந்தது; வறண்ட மாதங்களின் ஓட்டமோ குறைந்திருந்தது. மண்ணுக்குள் இறங்கி ஊற்றாகக் கசிய வேண்டிய நீர் மேற்பரப்பிலேயே ஓடிவிட்டது என்பதே இதன் பொருள். மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் தட்டுப்பாடும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன.

அணைகளும் மீள்நடுகையும்

1976இல் பொல்கொல்லை, 1985இல் கொத்மலை, விக்டோரியா, 1986இல் ரந்தெனிகலை, 1990இல் ரந்தம்பே என அணைகள் எழுந்தன. சரிவிலிருந்து கழுவப்பட்ட மண் அவற்றில் வந்து தங்கியது. கண்டிக்கு அருகிலுள்ள பொல்கொல்லைக் குளம் வண்டலால் தன் கொள்ளளவில் கணிசமான பங்கை இழந்தது.

ஹந்தானை போன்ற வெற்றுச் சரிவுகளில் பைன் நடப்பட்டது. அது மண்ணை மூடியதே தவிர, பலவகைத் தாவரங்கள் கொண்ட இயற்கைக் காட்டுக்கு ஈடாகவில்லை. காய்ந்த ஊசியிலைகள் காட்டுத்தீக்கும் இரையாகின்றன. மாறாக, முன்பு தோட்டமாயிருந்த துனுமடலாவை, நகரின் நீரேந்துப் பகுதியாகக் காக்கப்பட்டதால் மீண்டும் காடாகியது.

காலநிலை வைத்த சோதனை

நுவரெலியாவின் ஆண்டு மழை 20ஆம் நூற்றாண்டில் கணிசமாகக் குறைந்தது. மறுபக்கம், சூடேறும் வளிமண்டலம் கூடுதலான நீராவியைத் தாங்குவதால் பெருமழை மேலும் கடுமையாகிறது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மண்சரிவும் வெள்ளமும் தாக்கிய கண்டி மாவட்டமே அதிக உயிர்களை இழந்தது. அத்தகைய மழையைக் காடும் முழுமையாகத் தடுக்காது. ஆனால் வெட்டிச் செங்குத்தாக்கிய சரிவும், வடிகால் இல்லாத குடியிருப்பும் அழிவைப் பெருக்குகின்றன.

மழையை மனிதர் ஆள முடியாது. சரிவை ஆள முடியும். கைவிடப்பட்ட தேயிலை நிலங்களில் வீட்டுத்தோட்ட முறையைப் பரப்புவதும், ஊற்றுக்கண்களைச் சுற்றி நாட்டு மரங்களை வளர்ப்பதும், 1951ஆம் ஆண்டுச் சட்டத்தை உண்மையாகவே நடைமுறைப்படுத்துவதும் அவசரப் பணிகள். தோட்ட லயன் குடியிருப்புகளில் வாழும் மலையக மக்களுக்குப் பாதுகாப்பான நிலத்தில் காணியுரிமை வழங்குவதும் நீரேந்துப் பாதுகாப்பின் பகுதியே. தலைமுறைகளாக அந்த மண்ணில் உழைத்தவர்களை ஒதுக்கிவிட்டு அதைக் காக்க இயலாது.