ராய்ஸின் மூன்றாம் படம்: கட்டங்களை அவர் மறுத்தாரா?

பெரிய மென்பொருள்களை உருவாக்குவது குறித்து வின்ஸ்டன் ராய்ஸ் 1970 ஆகஸ்டில் வெஸ்கான் மாநாட்டில் அளித்த கட்டுரையைப் பற்றி இன்று ஏறத்தாழ ஒருமித்த கருத்து உருவாகிவிட்டது. தேவைகளில் தொடங்கி இயக்கத்தில் முடியும் ஏழு படிகளை அவர் வரைந்தது அவற்றைத் தள்ளுவதற்கே. மேலோட்டமாகப் படித்தவர்கள் படத்தை மட்டும் பார்த்து அவரை, ஒரு கட்டம் முடிந்தபின்பே அடுத்தது என்னும் அருவி மாதிரியின் தந்தையாக்கிவிட்டார்கள். உண்மையில் அவர், திரும்பத் திரும்பச் செய்து மேம்படுத்தும் மீள்சுற்று முறையின் முன்னோடி என்கிறது அக்கருத்து. மேலோட்டமான வாசிப்பு பற்றிய புகாரில் நியாயம் உண்டு. எஞ்சியதை மூலம் தாங்கவில்லை.

வாதம் முழுவதும் ஒரே வாக்கியத்தில் நிற்கிறது. இக்கருத்தில் தமக்கு நம்பிக்கை உண்டு, ஆனால் மேலே விவரித்த செயலாக்கம் ஆபத்தானது என்கிறார் ராய்ஸ். நம்பிக்கையைச் சொல்லும் பகுதி மேற்கோள்களில் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. அதைவிட முக்கியம், மேலே விவரித்தது எது என்பது. ஏழு படிகளையும் ஒரே திசையில் காட்டும் இரண்டாம் படம் என்றே கொள்கிறார்கள். ஆனால் அவ்வாக்கியத்துக்கு முன்பு அவர் விளக்குவது மூன்றாம் படத்தை: ஒவ்வொரு படியும் தன் அண்டைப் படிகளோடு போக்குவரத்து வைத்துக்கொள்ளும், தொலைவிலுள்ள படிகளோடு அரிதாகவே. ஆக, பின்னோக்கிச் செல்லும் தேவை அண்டைப் படியோடு நின்றுவிடும் என்ற எதிர்பார்ப்பைத்தான் அவர் ஆபத்தாகக் கண்டார் என்று தோன்றுகிறது. நான்காம் படமும் அதையே காட்டுகிறது. வேகமும் நினைவகமும் கணிப்பாக இல்லாமல் நேரடி அனுபவமாவது சோதனையில்தான். அங்கே தவறினால் வடிவமைப்புக்கும், அதையும் தாண்டித் தேவைகளுக்கும் திரும்ப வேண்டும். காலமோ செலவோ இருமடங்கு வரை போகலாம் என்கிறார்.

இதற்கு அவர் சொல்லும் ஐந்து பரிகாரங்களில் ஒன்றுகூட எந்தக் கட்டத்தையும் நீக்கவில்லை. பகுப்பாய்வுக்கு முன் முதல்நிலை வடிவமைப்பு என்று ஒரு கட்டம் கூடுகிறது. 50 லட்சம் டாலர் வன்பொருளுக்கு 30 பக்க விவரக்குறிப்பு போதும் என்பவர், அதே விலையுள்ள மென்பொருளுக்கு 1500 பக்கம் கேட்கிறார். மீள்சுற்றின் முன்னோடி கேட்கும் பக்கக் கணக்கா இது!

இருமுறை செய்யச் சொன்னாரே என்பார்கள். எதிர்த்தரப்பின் வலுவான சான்று இதுதான். ஆனால் 30 மாதப் பணியில் 10 மாதம் முன்னோட்ட மாதிரிக்கு என்று ஒதுக்கும்போது, முழுச் செயல்முறையையும் சிறிய அளவில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதையே அவர் பரிந்துரைக்கிறார். கட்டங்கள் சுருங்குகின்றன, கலையவில்லை. வாடிக்கையாளரை ஈடுபடுத்தச் சொன்னதும் அப்படியே: இறுதி ஒப்படைப்புக்கு முன்பே, முறையான மறுஆய்வுகளில், அவரைப் பொறுப்பேற்க வைக்கும் ஏற்பாடு அது. அவர் மீள்சுற்றையே ஆதரித்தார் என்று அவருக்கு நெருங்கியவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்வதும் 1970இன் பனுவலுக்குச் சான்றாகாது.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 1985ஆம் ஆண்டு மென்பொருள் உருவாக்கத் தரநிலை 2167, ராய்ஸைத் தவறாகப் படித்ததன் விளைவு என்ற குற்றச்சாட்டையும் இங்கிருந்து மீண்டும் பார்க்க வேண்டும். நேரடித் தொடர்பு உண்டென்று நான் வாதிடவில்லை. ஆனால் அத்தரநிலையில் பழிக்கப்படும் ஆவணக் குவியலும் முறையான மறுஆய்வுகளும் ராய்ஸ் எச்சரித்த பக்கத்தில் இல்லை, அவர் பரிந்துரைத்த பக்கங்களில் இருக்கின்றன.