காஞ்சிக்கு ஏழு நாள்

கனடாவின் அட்லாண்டிக் கரையில் ஹாலிஃபாக்ஸ் என்று ஓர் ஊர். 1749-ல் பிரிட்டிஷ்காரர்கள் உண்டாக்கிய துறைமுகம். ரொம்பப் பெரிய ஊரும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. அங்கே வேலை பார்க்கும் என் கல்லூரி நண்பன், தன்னைப் பார்க்க வருகிறவர்களுக்காக ஏழு நாள் பயணத் திட்டம் ஒன்றை எக்செல்லில் போட்டு வைத்திருக்கிறான். கோட்டைக் குன்றுக்கு ஒரு நாள். டைட்டானிக் கப்பலின் மிச்சங்கள் இருக்கும் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு அரை நாள். கப்பலில் வந்த குடியேறிகள் இறங்கிய 21-ஆம் எண் துறைமேடைக்கு ஒரு நாள். இப்படியே ஏழு நாளும் நிறைந்துவிடும். அவனேதான் டிசம்பரில் குடும்பத்தோடும் இரண்டு கனடா நண்பர்களோடும் வருவதாகச் சொல்லிவிட்டு, "காஞ்சிபுரத்துக்கு ஒரு நாள் போதும்லடா?" என்று கேட்டான்.

போதும்தான். எல்லாரும் ஒரே நாளில்தானே பார்க்கிறார்கள். சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குக் கார் ஏறினால் கைலாசநாதர், ஏகாம்பரநாதர், காமாட்சி. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். சாப்பாடு. அதற்கப்புறம் பட்டுக்கடையில் மூன்று மணி நேரம், அதில் இரண்டரை மணி நேரம் ஆண்கள் செல்போனோடு ஸ்டூலில். நாலு மணிக்கு வரதராஜப் பெருமாள். இருட்டியதும் திரும்பல். இந்தத் திட்டத்தை யார் எழுதினார்கள் என்று தெரியாது, ஆனால் எல்லா டிரைவர்களுக்கும் மனப்பாடம்.

நான் அவனுக்கு ஏழு நாள் திட்டம் போட உட்கார்ந்தேன். போடப் போடத்தான் தெரிந்தது, ஒரு நாள் திட்டத்தில் நேரம் மட்டும் குறையவில்லை. ஊரின் ஒரு பெரிய பகுதியே அதில் கிடையாது. காஞ்சியைச் சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி என்று இரண்டாகச் சொல்வோம். மூன்றாவதாக ஒரு காஞ்சி இருக்கிறது. வேகவதிக்கு அந்தக் கரையில், ஊர் நடுவிலிருந்து மூன்று கிலோமீட்டர் சுமாருக்குள். ஜினகாஞ்சி. இப்போதைய பெயர் திருப்பருத்திக்குன்றம்.

திட்டம் போட்டுக் காஞ்சிக்கு வந்தவர்களில் ரொம்பப் பழைய ஆள் யுவான் சுவாங். கி.பி. 640-ஐ ஒட்டி வந்தார். அவருடைய உண்மையான இலக்கு இலங்கை. காஞ்சியில் இலங்கைப் பிக்குகளைச் சந்திக்கிறார். அரசர் இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சம், இப்போது போகாதீர்கள் என்கிறார்கள். பயணத் திட்டம் அங்கேயே ரத்து. ஆனால் பார்த்த ஊரைப் பற்றிக் கணக்கு எழுதி வைத்தார்: நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்கள், பத்தாயிரம் பிக்குகள், எண்பது போலக் கோயில்கள், கூடவே திரளான நிர்க்கிரந்தர்கள். நிர்க்கிரந்தர் என்றால் சமணர். அவர் எழுதிய எண்கள் துல்லியமா என்று சண்டை போடலாம், விகிதம் போதும். அந்தக் காஞ்சியை நம் ஒரு நாள் திட்டத்தில் தேடினால் கிடைக்காது.

எனவே என் திட்டத்தில் முதல் இரண்டு நாள் பல்லவர்களுக்கு. இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி நல்ல புத்தகங்கள் நிறைய உண்டு. கைலாசநாதரில் ராஜசிம்மன் எழுப்பிய மணற்கல் விமானத்தைச் சுற்றி 58 குட்டிச் சந்நிதிகள். ஒவ்வொன்றையும் நின்று பார்த்தால் காலைப்பொழுது முழுக்கப் போய்விடும். அங்கேயே ஒரு தூணில் கன்னடக் கல்வெட்டு: காஞ்சியைப் பிடித்த சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயில் செல்வத்தைப் பார்த்து வியந்து, எடுக்காமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாகச் சொல்கிறது. படையெடுத்து வந்தவன் தோற்றவன் கோயிலில் தன் மொழியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறான். அதை யாரும் சுரண்டி எடுக்கவில்லை. மறுநாள் வைகுண்டப் பெருமாள் கோயில். திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாறு வரிசையாகச் சிற்பமாக இருக்கிறது. வாரிசு இல்லாமல் போன அரியணைக்குச் சிறுவனாக இருந்த நந்திவர்மனைத் தேடிக் கூட்டி வந்த கதை உட்பட.

மூன்றாவது நாள் வரதராஜர் கோயில். 2019-ல் அத்திவரதர் 48 நாள் வெளியே இருந்தபோது ஒரு கோடிப் பேர் வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். அந்த ஒரு கோடியில் எத்தனை பேர் வேகவதியைத் தாண்டினார்கள் என்று யோசித்திருக்கிறேன். வரதராஜர் கோயிலை மூன்றாம் நாளும் திருப்பருத்திக்குன்றத்தை நான்காம் நாளும் அடுத்தடுத்து வைத்ததற்குக் காரணம் உண்டு. அது 1368-ல் இருக்கிறது.

அந்த ஆண்டு விஜயநகர அரசன் முதலாம் புக்கனிடம் சமணர்கள் புகார் கொண்டு போகிறார்கள். வைணவர்கள் தங்களுக்கு அநியாயம் செய்கிறார்கள் என்று. ஊர்வலத்தில் ஐந்து பெரிய வாத்தியங்களையும் கலசத்தையும் வைத்துக்கொள்ளும் உரிமைதான் பிரச்சினை. இன்றைக்கும் ஊர்வலத்தில் எந்தத் தெருவில் மேளம் அடிக்கலாம் என்பதற்காக நம் ஊர்களில் வெட்டு குத்து நடக்கிறது, அதனால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை. புக்கன் சமணர்களின் கைகளைப் பிடித்து வைணவர்களின் கைகளில் வைத்தான் என்கிறது சிரவணபெளகொள கல்வெட்டு. இரண்டு தரிசனத்துக்கும் வேறுபாடு இல்லை, வாத்தியங்களும் கலசமும் முன்போலவே சமணருக்கு உண்டு என்பது தீர்ப்பு. சமணர்கள் வீட்டுக்கு ஒரு பணம் தர வேண்டும். அதில் சிரவணபெளகொளவுக்கு இருபது காவலர்களை வைணவர்களே அமர்த்த வேண்டும். மிச்சத்தில் இடிந்த ஜினாலயங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். தகராறு செய்த கட்சியிடமே காவல் பொறுப்பு! தீர்ப்பைக் கேட்டு நின்ற வைணவப் பெரியவர்களின் பட்டியலில் கோயில், திருமலை, திருநாராயணபுரத்தோடு பெருமாள்கோயிலும் உண்டு. வைணவ வழக்கில் கோயில் என்றால் ஸ்ரீரங்கம், பெருமாள்கோயில் என்றால் காஞ்சி வரதராஜர்.

ஆக, மூன்றாம் நாள் பார்க்கும் கோயிலைச் சேர்ந்தவர்கள் கை பிடித்துக் கொடுத்த சமாதானம் அது. பத்தொன்பது வருஷம் கழித்து, 1387-88-ல், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மண்டபம் எழும்புகிறது. கட்டியவர் இருகப்பர். இரண்டாம் ஹரிஹரரின் தளபதி, அமைச்சர், சமணர். தன் குரு புஷ்பசேனர் சொன்னபடி கட்டியதாகக் கல்வெட்டு. அந்த மண்டபத்தின் பெயர் சங்கீத மண்டபம்.

இரண்டு நிகழ்ச்சிகளையும் இணைப்பது என் ஊகம்தான். கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வாத்தியம் வாசிக்கும் உரிமைக்காக அரசன்வரை போக வேண்டியிருந்த ஒரு சமயத்தார், ஒரு தலைமுறைக்குள் இசைக்கென்று கல் மண்டபம் கட்டுகிறார்கள் என்றால், அதில் நிற்கும்போது அந்தப் பத்தொன்பது வருஷமும் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது.

இருகப்பர் சுவாரசியமான ஆள். போர்வீரர், அதே நேரம் நானார்த்தரத்னமாலை என்ற சமஸ்கிருத அகராதியை எழுதியவர். 1382-ல் ஹரிஹரரின் மகன் புக்கனின் நலம் வேண்டி மகேந்திரமங்கலம் என்ற ஊரை இந்தக் கோயிலுக்குக் கொடுத்தார். 1385-ல் ஹம்பியில் குந்துநாதருக்குக் கோயில் கட்டினார். அதை இன்று ஊர்க்காரர்கள் எண்ணெய்க்காரி கோயில் என்கிறார்கள், கட்டிய தளபதி யாருக்கும் நினைவில் இல்லை. இந்து சாம்ராஜ்யம் என்று ஒரே வார்த்தையில் விஜயநகரத்தை முடித்துவிடுகிறவர்களிடம் இருகப்பரைப் பற்றிக் கேட்க எனக்கு ஆசை.

கோயிலோ அவரைவிட ரொம்பப் பழையது. பள்ளன்கோயில் செப்பேடு ஆறாம் நூற்றாண்டில் பல்லவ சிம்மவர்மன் பருத்திக்குன்றத்து வச்சிரநந்திக்கு ஓர் ஊரைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்ததைப் பதிவு செய்கிறது. அப்போதே ஊருக்கு இந்தப் பெயர். பட்டுக்குப் பேர்போன நகரத்தின் ஓரத்தில், பெயரில் பருத்தியை வைத்துக்கொண்டு ஒரு சமண ஊர். புழுவைக் கொன்றால்தான் பட்டு என்பது தெரிந்தவர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கும். பெயருக்கு அது காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இங்கே இரண்டு கோயில்கள். சந்திரபிரபர் கோயில் சிறியது, பல்லவர் கால மணற்கல். சந்நிதி மேல்தளத்தில் இருக்கிறது, படியேறிப் போக வேண்டும். பெரியது திரைலோக்கியநாதர் கோயில், வர்த்தமானருக்கு. சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. வளாகத்துக்குள் ஒரு குரா மரம், அதன் பக்கத்தில் முனிவாசம் என்று ஐந்து சிறு அறைகள். மேருமந்தர புராணம் எழுதிய வாமன முனிவரின் நினைவும் இந்த இடத்தோடு சேர்ந்தது.

நாள் முழுக்கக் கேட்பது மண்டபத்தின் கூரை. ஓவியங்கள். சில துண்டுகள் இருகப்பர் காலத்தவை, பெரும்பகுதி அதற்குப் பல தலைமுறை கழித்து வரைந்தவை. ரிஷபர், வர்த்தமானர், நேமிநாதர், தர்மதேவி கதைகள் பட்டை பட்டையாக ஓடுகின்றன. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் எழுத்து. கிட்டத்தட்ட காமிக்ஸ். காட்சியைப் பார், வாசி, அடுத்ததுக்கு நகர், பட்டை முடிந்ததும் திரும்பு. பத்து நிமிஷத்தில் 'கலர் நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டு வெளியே வரலாம். படிக்க ஆரம்பித்தால் கழுத்து வலிக்கும்.

விஷ்ணுகாஞ்சியிலிருந்து மறுநாள் இங்கே வருகிறவர் முதலில் நிற்பது கண்ணன் படத்துக்குக் கீழேதான். சமணக் கோயிலில் கண்ணனுக்கு என்ன வேலை? சமண மரபில் நேமிநாதர் கண்ணனின் பெரியப்பா மகன். கல்யாண ஊர்வலத்தில் போகும்போது விருந்துக்காக அடைத்து வைத்த விலங்குகளின் கதறலைக் கேட்டு, அப்படியே திரும்பித் துறவுக்குப் போனவர் நேமிநாதர். அவர் கதையைச் சொன்னால் கண்ணன் கதையும் கூடவே வரும். முதல்நாள் கும்பிட்டுவிட்டு வந்த தெய்வம் இங்கே வேறொருவரின் கதையில் உறவுக்காரராக நிற்கிறார். ஒருநாள் இடைவெளியில் இரண்டையும் பார்க்கிறவருக்குத்தான் இது உறைக்கும்.

இந்தக் கூரையைக் காட்சி காட்சியாகப் படித்தவர் டி.என். ராமச்சந்திரன். 1934-ல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக வந்த அவருடைய புத்தகம் திருப்பருத்திக்குன்றத்தையும் அதன் கோயில்களையும் பற்றியது. அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பாருங்கள் என்பதுதான் நண்பனுக்கு நான் எழுதிய முக்கியமான வரி. அவர் விவரித்த சில காட்சிகளை இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சில இடத்தில் சாயம் உதிர்ந்துவிட்டது. சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரைந்த ஓவியத்துக்கு முதல் எதிரி ஈரம். மேலே கல் இடுக்கில் தண்ணீர் இறங்கினால் பூச்சு உப்பும், உப்பின இடம் செதிலாக விழும். விழுந்ததைத் திரும்ப வரையலாம், ஆனால் அது வேறு ஓவியம். தமிழகத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தும் இதுதான் நிலைமை. ஹாலிஃபாக்ஸ் கோட்டை அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும், இதைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஃப்ளாஷ் போடாதீர்கள், தூணில் சாயாதீர்கள். கோயில் திறக்கும் நேரத்தை முன்னாடியே விசாரித்துக்கொண்டு போங்கள்.

ஐந்தாம் நாள் தறி. கடையில் இல்லை, நெசவாளர் வீட்டில். கோர்வை என்றால் என்னவென்று பார்த்தால்தான் புரியும். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒன்று, எதிர்க் கரைக்கு இன்னொன்று, மொத்தம் மூன்று. ஒரே ஆளால் முடியாது, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். சேலைக்கான கூலி ஒருவர் பெயரில் வருகிறது. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து, ஜரிகை சூரத்திலிருந்து. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பட்டுக்கடைக்குப் போனால் கேள்விகள் மாறும்.

ஆறாம் நாள் பாதி பௌத்தத்துக்கு. பார்க்க அதிகம் மிச்சமில்லை. மணிமேகலை கடைசியில் வந்து சேர்ந்த ஊர் இது, நாளந்தாவுக்குப் போன தர்மபாலர் பிறந்த ஊர். 1915-ல் கோபிநாத ராவ் காமாட்சி கோயில் பகுதியில் கண்ட புத்தர் சிலைகளைப் பற்றி எழுதினார். ஏகாம்பரநாதர் மதிலில் பதிந்திருக்கும் சின்ன புத்தர்களைத் தேடுவது குழந்தைகளுக்குப் பிடிக்கும். மீதிப் பாதி நாள் அண்ணா பிறந்த ஊரில் அவர் நினைவு இல்லத்துக்கு.

ஏழாம் நாளை ஊருக்கு வெளியே வைத்தேன். நண்பன் போனில் "காஞ்சிக்கு ஒரு வாரம்னுட்டு எதுக்குடா விழுப்புரம் மாவட்டம்?" என்றான். வந்தவாசி தாண்டித் தெற்கே போனால், திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் மடம் அங்கேதான் இருக்கிறது. சமண மரபு சொல்லும் நான்கு வித்யாஸ்தானங்களில் டெல்லி, கோலாப்பூர், பெனுகொண்டாவோடு ஜினகாஞ்சியும் ஒன்று. அந்தப் பீடம் காஞ்சியை விட்டு இங்கே இடம்பெயர்ந்தது. பார்சுவநாதர் கோயில் இருக்கிறது, பக்கத்தில் மல்லிநாதர் கோயிலுக்குள் பாறையில் செதுக்கிய உருவங்கள் இருக்கின்றன. தமிழ்ச் சமணர்களை நயினார் என்பார்கள். சுற்று வட்டாரத்து ஊர்களில் விவசாயமும் ஆசிரியர் வேலையுமாக இருக்கிற குடும்பங்கள், கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் பேசுவார்கள். மடத்தின் பெயரில் காஞ்சி இன்னும் இருக்கிறது: ஜினகாஞ்சி ஜைன மடம், மேல்சித்தாமூர். காலையில் சீக்கிரம் கிளம்பினால் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு, அப்படியே செஞ்சிக் கோட்டையையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.