நம்பகத்தின் வரலாறாகக் கோஷர் தொத்திறைச்சி உணவகம்: நியூயார்க் யூதச் சமூகம், 1880 – 2004

ஆய்வுச் சுருக்கம்

நியூயார்க் நகரத்தின் கிழக்கைரோப்பிய யூதக் குடியேறிகளிடையே கோஷர் தொத்திறைச்சி (சாசேஜ்) உணவகங்கள் பெருகின. இவ்வுணவகங்களை ஏக்கத்திற்குரிய பழம்பொருளாகக் காணும் எழுத்துகள் மிகுதி. இக்கட்டுரை அவற்றை நம்பகம் என்னும் சிக்கலின் வழி அணுகுகிறது. உண்பவர் கண்ணால் சரிபார்க்க இயலாத உணவுக்கு யார் சான்றளிப்பது என்ற வினாவிற்குச் சமயத் தலைமை, அரசு, சந்தை ஆகிய மூன்றும் அளித்த விடைகளைக் காலவரிசையில் ஆராய்வது இதன் நோக்கம்.

திறவுச்சொற்கள்: கோஷர், தொத்திறைச்சி, டெலிகாடெசன், நியூயார்க், உணவு வரலாறு, சான்றளிப்பு.

முன்னுரை

1881 முதல் 1924 வரையிலான காலத்தில் ஏறத்தாழ இருபது இலட்சம் யூதர்கள் கிழக்கைரோப்பாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறினர். அவர்களுள் பெரும்பகுதியினர் முதலில் தங்கிய இடம் மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதி. அங்கு ஜெர்மானியக் குடியேறிகளிடமிருந்து ‘டெலிகாடெசன்’ என்னும் பதப்படுத்திய இறைச்சிக் கடை வடிவம் பெறப்பட்டது. ருமேனிய யூதர்கள் வழியாகப் பாஸ்டிராமி வந்து சேர்ந்தது. மாட்டிறைச்சியாலான சலாமியும் ஃபிராங்க்ஃபர்ட்டரும் இக்கடைகளின் முதன்மைப் பண்டங்களாயின. வாங்கிச் செல்லும் கடையாகத் தொடங்கியது, நாளடைவில் மேசை நாற்காலிகளைக் கொண்ட உணவகமாக வளர்ந்தது. 1930களில் நகரில் ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட கோஷர் டெலிகள் இருந்தன என்று டெட் மெர்வின் தம் நூலில் (2015) குறிப்பிடுகிறார்.

தொத்திறைச்சியும் சமய விதிகளும்

கோஷர் விதிகளுள் தொத்திறைச்சிக்கு நேரடியாகப் பொருந்துவன பல. குருதியை உண்ணலாகாது என்பதால் இறைச்சி நீரில் ஊறவைக்கப்பட்டு, உப்பிடப்பட்டுக் கழுவப்படுகிறது. குறிப்பிட்ட சில கொழுப்புகளை லேவியராகமம் (7:23) விலக்குகிறது. இடுப்பு நரம்பை விலக்கும் வழக்கம் ஆதியாகமத்தை (32:32) அடிப்படையாகக் கொண்டது. அந்நரம்பை நீக்குவது கடினம் ஆகையால், அமெரிக்காவில் பெரும்பாலும் விலங்கின் முன்பாதி மட்டுமே கோஷர் இறைச்சியாக விற்கப்பட்டது. டெலியின் சிறப்புணவுகள் மார்புப்பகுதி இறைச்சியைச் சார்ந்து அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும். குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கலாகாது என்னும் விதி தோராவில் மூன்று இடங்களில் வருகிறது. இதனால் இறைச்சி உணவகத்தில் பாலாடைக்கட்டியும் பால் கலந்த காப்பியும் இடம்பெறுவதில்லை. தொத்திறைச்சியில் பால்பொடி சேர்ப்பதும் இயலாது.

துண்டாக விற்கப்படும் இறைச்சியில் அதன் உறுப்பையும் கொழுப்பையும் ஓரளவு அடையாளம் காணலாம். தொத்திறைச்சியில் அது இயலாது. அரைத்து, பூண்டும் மசாலாவும் சேர்த்து, குடலுறையில் திணித்தபின் அதன் மூலம் முற்றிலும் மறைந்துவிடுகிறது. பிற சமூகத்தார் பயன்படுத்திய பன்றிக் குடலுக்கு மாற்றாக மாட்டுக் குடலோ ஆட்டுக் குடலோ பயன்பட்டதா என்பதையும் உண்பவர் அறியார். எனவே, கோஷர் உணவுகளுள் செய்தவரின் சொல்லையே முழுவதும் நம்பி உண்ண வேண்டிய ஒன்றாகத் தொத்திறைச்சி அமைந்தது.

சமயத் தலைமையின் முயற்சி

கிழக்கைரோப்பாவில் இந்நம்பகத்தை ஊர்ச் சமூக அமைப்பு காத்துவந்தது. விலங்கை அறுப்பவரும் விற்பவரும் ஊராருக்கு அறிமுகமானவர்கள். நியூயார்க்கில் அத்தகைய கட்டுக்கோப்பு இல்லை. இக்குறையை நீக்க மரபுநெறிச் சபைகள் சில ஒன்றிணைந்து, வில்னாவிலிருந்து ரபி ஜேக்கப் ஜோசஃபை 1888இல் தலைமை ரபியாக வரவழைத்தன. மேற்பார்வைச் செலவிற்காகக் கோஷர் கோழி ஒன்றுக்கு ஒரு சென்ட் விதிக்கப்பட்டு, ஈய முத்திரை இடப்பட்டது. ஆனால் மக்கள் இதனை ருஷ்யப் பேரரசில் தாங்கள் செலுத்திய வெறுப்புக்குரிய கோஷர் இறைச்சி வரியான ‘கரோப்கா’வோடு ஒப்பிட்டு எதிர்த்தனர். திட்டம் தோல்வியுற்றது, தலைமை ரபி 1902இல் காலமானார்.

அதே ஆண்டு மே மாதத்தில் கோஷர் இறைச்சியின் விலை பவுண்டுக்கு 12 சென்டிலிருந்து 18 சென்டாக உயர்ந்தது. கீழ்க்கிழக்குப் பகுதியின் இல்லத்தரசிகள் கடைகளைப் புறக்கணித்துத் தெருவில் இறங்கினர். சமய விதி அவர்களுக்கு மலிவான பிற இறைச்சிக்கு மாற இடம் தரவில்லை. எனவே விலையை எதிர்ப்பதன்றி அவர்களுக்கு வேறு வழியில்லை. சில வாரங்களில் விலை குறைந்தது. கோஷர் உணவு வெறும் சமயப் பொருளன்று, உழைக்கும் குடும்பங்களின் வாழ்வாதாரச் சிக்கலுமாகும் என்பதை இப்போராட்டம் புலப்படுத்துகிறது.

அரசின் தலையீடு

கோஷர் அல்லாத இறைச்சியைக் கோஷர் என ஏமாற்றும் நோக்குடன் விற்பதைக் குற்றமாக்கும் சட்டத்தை நியூயார்க் மாநிலம் 1915இல் இயற்றியது. இருவகை இறைச்சியையும் விற்கும் கடைகள் அதனை அறிவிப்புப் பலகையில் வெளிப்படுத்த வேண்டும் என 1922இல் விதிக்கப்பட்டது. ‘கோஷர்’ என்னும் சொல் தெளிவற்றது. எனவே சட்டம் செல்லாது என இறைச்சி நிறுவனங்கள் வழக்காடின. ‘ஹைகிரேட் புரொவிஷன் எதிர் ஷெர்மன்’ (1925) வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தை மறுத்தது. அத்தொழிலில் ஈடுபட்டோர்க்கு அச்சொல்லின் பொருள் போதிய அளவு தெளிவானதே என்றும், ஏமாற்றும் நோக்கம் இருந்தால் மட்டுமே தண்டனை என்பதால் நேர்மையாகத் தவறியவர்க்கு ஊறில்லை என்றும் அது கருதியது.

சட்டம் நிலைத்தபோதும் மோசடி நிற்கவில்லை. நியூயார்க்கில் கோஷர் என விற்கப்பட்ட இறைச்சியில் 40 விழுக்காடு கோஷர் அன்று என்னும் 1925ஆம் ஆண்டு மதிப்பீட்டை டிமதி லிட்டன் (2013) எடுத்துக்காட்டுகிறார். 1933இல் பெயர்பெற்ற கோஷர் தொத்திறைச்சி ஆலை ஒன்று விலக்கப்பட்ட இறைச்சியைக் கொண்டுவந்தமை கையும் களவுமாகப் பிடிபட்டது. இத்தகைய செய்தியால் பாதிக்கப்படுபவர் உண்டவர் மட்டுமல்லர். அவ்வாலையிடம் நம்பி வாங்கிய உணவகங்களின் பாத்திரங்களும் வீட்டுப் பாத்திரங்களும் தீட்டுப்பட்டனவாகக் கருதப்பட்டன. கண்ணுக்குத் தெரியாத ஒரு கலப்படம் ஒரு சமூகத்தின் அடுக்களைகள் முழுவதையும் ஐயத்திற்குள்ளாக்கியது.

சந்தையின் முத்திரை

அரசாலும் தனியொரு ரபியாலும் நிறைவேறாத பணியைத் தொழில்முறைச் சான்றளிப்பு அமைப்புகள் 1920கள் முதல் மெல்ல ஏற்றன. பொதியின் மீது பொறிக்கப்பட்ட குறி, கடைக்காரரின் முகத்திற்கு மாற்றாயிற்று. 1905இல் கீழ்க்கிழக்குப் பகுதியில் தோன்றிய ஹீப்ரு நேஷனல் தொத்திறைச்சி நிறுவனம் 1960களில், தான் அரசைவிட மேலான ஓர் அதிகாரத்திற்குப் பொறுப்புடையது என்னும் கருத்துப்பட விளம்பரம் செய்தது. இதன்வழிச் சமய விதியே தரத்தின் அடையாளமாக யூதரல்லாதார்க்கும் விற்கப்பட்டது.

ஆயினும் இவ்வெற்றி உணவகங்களைக் காக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இளந்தலைமுறையினர் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். பொதியிட்ட தொத்திறைச்சி பல்பொருள் அங்காடியிலேயே கிடைத்தது. எஞ்சிய உணவகங்கள் இரு வழிகளில் சென்றன. 1888இல் தோன்றிய காட்ஸ் போன்றவை யூதச் சுவையைப் பேணின. கோஷர் விதியைப் பேணவில்லை. 1954இல் தொடங்கிய செகண்ட் அவென்யூ டெலி கோஷர் மேற்பார்வையை ஏற்றது. எனினும் ஓய்வுநாளிலும் திறந்திருப்பதால் மரபுநெறியாளர் சிலர் அதனை ஏற்பதில்லை.

யாருடைய கோஷர் என்னும் இவ்வினா மீண்டும் நீதிமன்றம் சென்றது. மாநிலச் சட்டம் கோஷரை மரபுநெறிப் பிரிவின் விதிப்படியே வரையறுத்திருந்தது. கன்சர்வேடிவ் பிரிவு ரபியின் மேற்பார்வையில் இயங்கிய லாங் ஐலண்ட் இறைச்சிக் கடையினர் அதனை எதிர்த்தனர். அரசு ஒரு சமயப் பிரிவின் விளக்கத்தைச் சார்வது அரசமைப்புக்கு முரண் எனக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. 2004இல் வந்த புதிய சட்டம், கோஷர் என்று கூறுவோர் அதற்குச் சான்றளித்தவர் யார் என்பதை வெளியிட்டால் போதும் என்றது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கோஷர் என்பதன் பொருளை வரையறுக்கும் பொறுப்பை 1915இல் ஏற்ற அரசு 2004இல் அதனைக் கைவிட்டு, தகவலை வெளிப்படுத்தச் செய்வதோடு நின்றது. இரண்டாவது, முத்திரைகள் பெருகியபோதும் இறுதித் தீர்ப்பு உண்பவரிடமே எஞ்சியது. எந்த முத்திரையை நம்புவது என்பதை அவரே முடிவுசெய்ய வேண்டியுள்ளது. உணவு வரலாற்றை ஆராய்வோர் சமைக்கும் முறையையும் சுவையையும் மட்டுமன்றி, உண்பவர் எதனை நம்பி உண்டார் என்பதையும் வினவுதல் வேண்டும். சிற்றுணவகத்தின் அறிவிப்புப் பலகையும் சான்றிதழும் அவ்வகையில் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளத்தக்கவை.