எம்பாலிசம்: ஆப்பாகும் காற்று

கிரேக்கத்தில் ‘எம்போலோஸ்’ என்றால் செருகப்பட்டது, ஆப்பு. பகைக் கப்பலை இடித்துத் துளைக்க முகப்பில் பொருத்திய வெண்கல மூக்குக்கும் அதே பெயர்தான். நாட்காட்டியில் கூடுதல் மாதத்தைச் செருகுவதையும் முன்பு எம்பாலிசம் என்றார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் விர்ஷோ, ரத்தக்கட்டி பயணித்துப் போய் ரத்தக்குழாயை அடைப்பதற்கு இச்சொல்லை வைத்தார்.

காற்றும் ஆப்பாகும். நுரையீரலில் ஊசி செலுத்திச் சதை எடுக்கும்போது (பயாப்சி), மிக அரிதாக, மூச்சுக்குழலுக்கும் ரத்தநாளத்துக்கும் இடையே வழி திறந்துவிடும். குமிழி இதயத்தின் இடப்பக்கம் புகுந்து மூளைக்கு ஏறினால் பக்கவாதம், இதயத்தின் சொந்த நாளத்தில் சிக்கினால் மாரடைப்பு. “இருமாதீங்க, மூச்சைப் பிடிங்க” என்று அப்போது மருத்துவர் சொல்வதன் ஒரு காரணம் இதுதான்.

அந்தமானில் ஹேவ்லாக் எனப்பட்ட சுவராஜ் தீவில் சிலிண்டர் காற்றைச் சுவாசித்து முக்குளிப்போருக்கு முதல் பாடம் நேர்மாறானது: மூச்சைப் பிடிக்காதே. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. மூச்சை அடக்கி மேலேறினால் காற்று விரிந்து நுரையீரல் கிழியும், அதே குமிழி அதே வழியில் போகும். இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றே: தூய ஆக்சிஜன், அழுத்த அறை. இந்நிலைக்குத் தமிழில் ‘காற்றுக்குமிழி அடைப்பு’ என்பதே எனக்குத் தெளிவாகப் படுகிறது.

சென்னையில் பயாப்சி முடித்து அந்தமானில் போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்துக்கு விமானம் ஏறுவோர், நெஞ்சறையில் காற்றுக் கசிவு இல்லை என்று மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். மேலே அழுத்தம் குறைய, தங்கிய காற்று விரியும்.